கேள்வி – பதில்: ஆண்கள் லெக்கின்ஸ் அணியலாமா?

ஆண்கள் லெக்கின்ஸும் காலுறைகளும் அணிவதைப் பற்றிக் கொங்குப் பகுதியிலிருந்து அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன், வயது 24. ஏற்றுமதியில் மிஞ்சிய கருப்பு லெக்கின்ஸ் ஒன்றை வாங்கி, நீளமான டி-சர்ட்டோடு அணிந்து வேலைக்குப் போகிறேன். வண்டி ஓட்டவும் நாள் முழுக்க நிற்கவும் அது வசதியாக இருக்கிறது. ஆனால் என் அப்பா, 'பொம்பளைத் துணியைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் வராதே' என்கிறார். நான் செய்வது தவறா?
– வாசகர், பெருமாநல்லூர்

பதில்: தவறில்லை, தம்பி. காலோடு ஒட்டிய பின்னலாடையின் வரலாற்றில் பெரும்பகுதி ஆண்களுடையது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் அரசர்களும் பிரபுக்களும் படைவீரர்களும் முழங்காலோடு நின்ற கால்சட்டைக்குக் கீழே இறுக்கமான நீண்ட காலுறைகளையே அணிந்தார்கள். பெண்களும் அணிந்தார்கள் என்றாலும், தரையைத் தொடும் பாவாடைக்குள் அவை மறைந்துபோனதால், ஊரார் கண்ணில் பட்டவை ஆண்களின் கால்கள்தாம். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னரை இயாசின்த் ரிகோ 1701இல் வரைந்த ஓவியத்தில், அறுபது வயதைக் கடந்த அந்த மன்னர், வெண்ணிறக் காலுறை அணிந்த கால்கள் நன்றாகத் தெரியும்படி அரச அங்கியை விலக்கிக்கொண்டு கம்பீரமாக நிற்கிறார். நீங்கள் தினமும் கையில் எடுத்துச் சரிபார்க்கும் பின்னல் துணிக்கு மூலமான முதல் இயந்திரமும், 1589இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் அருகே வில்லியம் லீ என்ற பாதிரியாரால் காலுறை பின்னுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. திருப்பூரின் நிட்டிங் மிஷின்கள் அனைத்துக்கும் அதுவே மூத்த தலைமுறை.

பிரெஞ்சுப் புரட்சியின்போது அரைக்கால் சட்டையும் பட்டுக் காலுறையும் பிரபுக்களின் அடையாளமாக வெறுக்கப்பட்டு, உழைப்பாளிகள் அணிந்த நீளக் கால்சட்டைக்கு மதிப்பு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் மேல்தட்டு ஆண்களும் அதற்கே மாறினார்கள். 1940 மே 15 அன்று அமெரிக்கா முழுவதும் நைலான் காலுறைகள் கடைகளுக்கு வந்தபோது அவை பெண்களுக்கென்றே விற்கப்பட்டன. 1958இல் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த ஸ்பான்டெக்ஸ் இழை, அதாவது லைக்ரா, துணிக்கு நீளவும் மீளவும் வலுவைத் தந்த பிறகு, சைக்கிள் வீரர்களும் ஓட்டக்காரர்களும் மறுபடியும் ஒட்டிய உடைக்குத் திரும்பினார்கள். உங்கள் அப்பா அறிந்திருப்பது, இந்த நெடுங்கதையில் பெண்களின் பெயரால் விற்கப்பட்ட கடைசிப் பகுதியை மட்டுமே.

நம் பக்கத்துக்கும் வருவோம். மாடு பூட்டிக் கவலையால் கிணற்று நீர் இறைத்த காலத்தில் தோட்டங்களில் ஆண்கள் கோவணத்தோடு நின்று பாடுபட்டார்கள். தொடை தெரிகிறதே என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. பெர்முடா அணிந்து உழவர் சந்தைக்குப் போகிறவரை இன்று யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முழுக்காலையும் மூடும் ஓர் உடைக்கு மட்டும் மானக்கேடு என்று பெயரிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதுவும், உலகத்தின் பல நாடுகளுக்குப் பின்னலாடை அனுப்பி அந்த வருமானத்தில் வீடு கட்டிய ஊரில், அந்தத் துணிக்காக உழைக்கிறவரே அதை உடுத்தக் கூடாது என்பது மனத்தை உறுத்துகிறது.

அப்பாவிடம் லூயி மன்னரைப் பற்றிப் பேச வேண்டாம். எட்டு மணி நேரம் நிற்கும் வேலைக்கு ஜீன்ஸ் எப்படி வெக்கையாகவும் கனமாகவும் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள், துணியை அவர் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வெளிச்சத்தில் கண்ணாடி முன் குந்தி எழுந்து பாருங்கள். துணி விரியும்போது தோல் நிறம் தெரிந்தால் அதை வெளியே அணியாதீர்கள். டி-சர்ட் இடுப்புக்குக் கீழே தொடையின் பாதி வரை இறங்கட்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால் உங்கள் உடையில் குறை சொல்ல இடமில்லை.

கேள்வி: என் மகன் கோவையில் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறான். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு வந்தவன், அரைக்கால் சட்டைக்குக் கீழே பெண்கள் அணிவது போன்ற ஸ்டாக்கிங்ஸ் போட்டிருந்தான். கேட்டால், 'பிடித்திருக்கிறது, போடுகிறேன்' என்கிறான். அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். அவன் மனத்தில் ஏதேனும் கோளாறு இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, கோளாறு எதுவும் இல்லை. காலில் போடும் துணி ஒருவருடைய அறிவையோ ஒழுக்கத்தையோ காட்டுவதில்லை. அவர் யாரை விரும்புகிறார் என்பதையும் காட்டுவதில்லை. பெண்ணை விரும்பி மணந்து பிள்ளைகளோடு வாழும் ஆண்களும் இவற்றை அணிகிறார்கள். 1974இல் ஜோ நாமத் என்ற 'அமெரிக்கன் ஃபுட்பால்' வீரர், பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்போன விளையாட்டின் நட்சத்திரம், பெண்களுக்கான காலுறையைத் தாமே அணிந்துகொண்டு தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றினார். அவருடைய புகழ் அதனால் குன்றவில்லை.

உங்கள் அச்சத்துக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பாலின அடையாளத்திலோ விருப்பத்திலோ ஒருவர் மாறுபட்டிருந்தால் அது நோயன்று; 2014இலும் 2018இலும் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள் அவர்களுடைய உரிமையை உறுதிசெய்திருக்கின்றன. ஆனால் ஒரு ஜோடி ஸ்டாக்கிங்ஸை வைத்துக்கொண்டு நீங்களாக எந்த முடிவுக்கும் போக வேண்டாம். மகன் நேராகப் பதில் சொல்லியிருக்கிறான், அதை நம்புங்கள். பெண் பார்க்கும் விஷயத்தில் மட்டும், நிச்சயத்துக்கு முன்பாகவே அந்தப் பெண்ணிடம் தன் விருப்பத்தை அவனே சொல்லிவிட வேண்டும். அவளும் தெரிந்து சம்மதித்தால் பின்னால் பங்காளி வீட்டுப் பேச்சு எதுவும் உங்களைத் தொடாது.

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விற்பனையாளராக இருக்கிறேன். காலில் நரம்பு சுருண்டு வீங்கியிருக்கிறது. மருத்துவர் அழுத்தக் காலுறை அணியச் சொன்னார். அது தோல் நிறத்தில் தொடை வரை இருப்பதால், கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்களோ என்று கூச்சப்பட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். என்ன செய்யலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: ஐயா, முதலில் அலமாரியிலிருந்து அதை வெளியே எடுங்கள். காலின் சிரைகளில், அதாவது நீங்கள் நரம்பு என்று சொல்லும் இரத்தக் குழாய்களில், இரத்தத்தை மேல்நோக்கி மட்டும் விடும் சிறு வால்வுகள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் நின்றே வேலை செய்பவர்களுக்கு அவை தளர்ந்து, இரத்தம் கீழே தேங்கி, சிரை புடைத்துச் சுருள்கிறது. அழுத்தக் காலுறை கணுக்காலில் மிகுதியாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தித் தேங்கிய இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. புடைத்த சிரையை அது மறையச் செய்யாது. வீக்கத்தையும் வலியையும் கனத்தையும் குறைக்கும். கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் கணுக்கால் அருகே தோல் கறுத்து, ஆறாத புண்ணாகவும் மாறிவிடும். கூச்சத்துக்காக அந்த நிலைக்குப் போக வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அழுத்தத்தின் அளவு பாதரச மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். 15–20 லேசானது, 20–30 நடுத்தரம், 30–40 பலமானது. மருத்துவர் எழுதித் தந்த அளவை நீங்களாக மாற்றாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தாலும், நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து நின்றால் வலி தீர்ந்தாலும், தமனியில் அடைப்பு இல்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே அணிய வேண்டும். காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன்பே அணியுங்கள். வீட்டில் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு இழுத்தால் சுருக்கம் விழாமல் ஏறும். மேல் விளிம்பை மடித்துவிடாதீர்கள். மடித்த இடம் கயிறு கட்டியது போல் இறுக்கும். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் போங்கள். இரவில் கழற்றி, மிதமான சோப்பில் கையால் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும். அப்போது புதிது வாங்க வேண்டும்.

சிரிப்பைப் பற்றி: பேன்ட்டுக்குள் அது தெரியாது. தெரிந்தே ஆக வேண்டியிருந்தால், கருப்பு நிறத்திலும் முழங்கால் வரை மட்டும் உள்ளதாகவும் கிடைக்கிறது. முழங்கால் அளவு உங்களுக்குப் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பல்லடம் அருகே சிறிய யூனிட் வைத்துப் பெண்களுக்கான லெக்கின்ஸ் தைத்துத் தருகிறேன். ஆண்களுக்கென்று தைத்தால் ஓடுமா? அதே பேட்டர்னில் அளவை மட்டும் கூட்டினால் போதுமா?
– வாசகர், பல்லடம்

பதில்: போதாது. பெண்களுக்கான பேட்டர்னில் இடுப்பும் பின்பக்கமும் அகன்றும் முன்பக்கம் தட்டையாகவும் இருக்கும். ஆண்களுக்கு முன்பக்கத்தில் இடம் வேண்டும். அதற்குக் கவட்டையில் தனியாகத் துண்டு வைத்து வெட்டித் தைக்க வேண்டும். இந்த ஒரு துண்டைச் சேமிக்கப் பார்த்துத்தான் பலர் சரக்கைக் கெடுக்கிறார்கள். இடுப்புக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்து, கால் நீளத்தைக் கூட்டுங்கள். உள்தொடையில் ஓவர்லாக் தையல், உள்ளே மேடாக நிற்பதால், உராயும். அங்கே தட்டையாகப் படியும் ஃப்ளாட்லாக் தையல் போட்டால் அணிகிறவர் உங்களை வாழ்த்துவார்.

துணியில் 95 பங்கு பருத்தியும் 5 பங்கு லைக்ராவும் உள்ள சிங்கிள் ஜெர்சி நம் ஆட்களுக்குப் பழகியது. பெண்களுக்கு 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) ஓடுகிறது என்பதற்காக ஆண்களுக்கும் அதையே கொடுக்காதீர்கள். 220க்குக் குறையாமல் இருந்தால்தான் குந்தும்போது மறைப்பு நிற்கும். லைக்ரா துணியை ஸ்டென்டர் மிஷினில் விரித்துச் சூடேற்றி, அளவு மாறாதபடி சரியாக ஹீட் செட் செய்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். ரோலைப் பிரித்து ஒரு நாள் தளரவிட்டுப் பிறகு கட்டிங் டேபிளில் ஏற்றுங்கள். அவசரத்தில் நேராக வெட்டினால், முதல் துவையலிலேயே கால் இரண்டு அங்குலம் ஏறிவிடும். முதலில் கருப்பு, நேவி, ஆலிவ் ஆகிய மூன்று நிறங்களில் சிறிய லாட் போடுங்கள். பெட்டியில் 'ஆண்களுக்கானது' என்று பெரிதாக அச்சிடுங்கள். இன்று பெண்கள் பகுதியில் தயங்கித் தயங்கி நிற்கிற வாங்குபவர், அந்த எழுத்தைப் பார்த்தால் தயங்காமல் கை நீட்டுவார். இந்த வேலையை யாராவது நம் ஊரில் அக்கறையோடு செய்ய வேண்டும் என்று நெடுநாளாக விரும்புகிறேன்.

கேள்வி: காலுறைப் பாக்கெட்டில் 15 டெனியர், 80 டெனியர் என்று போட்டிருப்பதன் பொருள் என்ன?
– வாசகர், கோவை

பதில்: 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். 15 என்றால் தோல் தெரியும் அளவுக்கு மெல்லியது, நகம் பட்டாலே ஓட்டை விழும். 80 என்றால் அடர்த்தியானது. முதன்முதலாக வாங்கும் ஆண்கள் 60க்கு மேல் கருப்பில் வாங்கினால் நெடுநாள் உழைக்கும்.

கேள்வி: திருமணமாகி ஓராண்டு ஆகிறது. தினமும் லெக்கின்ஸ் அணிந்தால் குழந்தைப் பேற்றுக்குப் பாதிப்பு வருமா? வெயில் காலத்தில் தொடையிடுக்கில் அரிப்பும் வருகிறது.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: விரைகள் உடலின் மற்றப் பகுதிகளைவிடச் சற்றுக் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உற்பத்தியாகும். அமெரிக்காவில் 656 ஆண்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், தளர்வான உள்ளாடை அணிந்தவர்களின் விந்தணுச் செறிவு மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆயினும் இறுக்கமாக அணிந்தவர்களிலும் பெரும்பாலோர் இயல்பான அளவில்தான் இருந்தார்கள். ஆகவே அணிந்தாலே மலடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குழந்தைக்காக முயலும் இந்தக் காலத்தில் மட்டும் வீட்டில் வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டு, லெக்கின்ஸைச் சில மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போங்கள்.

அரிப்பு பெரும்பாலும் படர்தாமரையாக இருக்கும். வேர்வை ஊறிய துணியை மறுபடி அணியாதீர்கள். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதலில் அரிப்பு அடங்கியது போலிருந்து பிறகு இரண்டு மடங்காகப் பரவும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஆண்கள் லெக்கின்ஸ் அணிந்து போகலாமா?
– வாசகர், காங்கேயம்

பதில்: தடுக்கும் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு விதித்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவு 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, பிறகு நிறுத்திவைக்கப்பட்டது. ஆனாலும் கோயிலுக்குக் கோயில் வழக்கம் வேறுபடும். ஒட்டிய உடைதான் வேண்டும் என்றால், முழங்கால் தாண்டிய குர்தாவுக்குக் கீழே வெள்ளையிலோ சந்தன நிறத்திலோ கனமான துணியில் அணியுங்கள். வட இந்திய மணமகன்கள் ஷெர்வானிக்குக் கீழே அணியும் சுடிதார் பேன்ட்டும் இதே வடிவந்தான். சீர் செய்யும் முறையில் நீங்களே நிற்க வேண்டிய கல்யாணமாக இருந்தால் வேட்டி கட்டிக்கொள்ளுங்கள். அன்று பெரியவர்கள் கேட்பதைக் கொடுத்துவிட்டு, மறுநாள் வரவேற்புக்கு உங்கள் விருப்பப்படி உடுத்திக்கொள்ளலாம்.