போன வருடம் நட்ட கன்றுகள் எங்கே?

கேள்வி: மேடம், நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் இராஜாக்கமங்கலம் பக்கம். எங்கள் கல்லூரியில் சுற்றுச்சூழல் மன்றம் இருக்கிறது. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று கன்று நடுவார்கள், பேனர் பிடித்து போட்டோ எடுப்பார்கள், அதோடு சரி. இதில் சேரலாமா, நேரம்தான் வீணாகுமா? எனக்குக் கூட்டத்தில் பேச வராது. "படிக்கிற பிள்ளைக்குக் குளத்தங்கரையில என்ன வேலை?" என்று அம்மாவும் கேட்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: சேர்ந்துவிடு மக்களே. முப்பது வருடம் தாவரவியல் வகுப்பெடுத்தவள் சொல்கிறேன், வெளியே நின்று குறை சொன்ன பிள்ளைகளால் எந்த மன்றமும் திருந்தியதில்லை. உள்ளே போய் ஒரு வேலையைக் கையில் எடுத்த ஒன்றிரண்டு பேரால் திருந்தியிருக்கிறது.

முதல் கூட்டத்தில் நீ ஒன்றும் பேச வேண்டாம். அதற்கு முன்பே ஒரு நாள் மதிய இடைவேளையில் தோழி ஒருத்தியோடு கல்லூரியைச் சுற்றி வந்து, போன வருடம் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று எண்ணிப் பார். ஜூன் 5 நம் மாவட்டத்துக்குத் தவறான நாள் இல்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் அப்போது வெயில் கொளுத்தும். நமக்கு இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கும் சமயம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கும். அதனால் கன்று வேர் பிடித்துவிடும். ஆபத்து வருவது மாசி, பங்குனியில். அப்போது உங்களுக்குத் தேர்வு நெருங்கும், பிறகு மே மாத விடுமுறை. தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரே இடத்தில் மூன்று வருடம் புங்கங்கன்று நட்டோம், மூன்று தடவையும் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் குச்சிதான் நின்றது. இன்றைக்கும் எனக்கு அது வருத்தம். எண்ணிய கணக்கை ஒரு தாளில் எழுதிப் பொறுப்பாசிரியரிடம் கொடு. புதிதாக நூறு நடுவதா, இருக்கிற இருபதைக் காப்பதா என்ற பேச்சை அந்தத் தாளே தொடங்கி வைக்கும்.

இனி குளத்துக்கு வருகிறேன், எனக்கு ஆசையான விஷயம் அது. உன் ஊர்ப்பக்கம்தான் வேம்பனூர் குளம். அதுவும் சுசீந்திரம்-தேரூர் குளங்களும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. வேம்பனூர் 20 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு, தேரூர் பக்கம் சுமார் 94 ஹெக்டேர். உலக அளவில் மதிக்கப்படும் இந்த நீர்நிலைகள் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல்லுக்காக நம் ஆட்கள் பார்த்து வந்த பாசனக் குளங்கள்தான். வயல் மனையானால் மடையைத் திறக்க ஆள் வேண்டாம், பிறகு கரையைக் கவனிக்கவும் ஆள் வராது. அதனால் வயற்காட்டுப் பெரியவர்களிடம் பேசாமல் குளத்தைப் பற்றி எதையும் முடிவு செய்யாதே.

நீ வேதியியல் பிள்ளை. பேச வராவிட்டால் என்ன, பியூரெட் பிடிக்க வருமே! வீட்டுப் பக்கத்துக் குளம் ஒன்றைத் தேர்ந்தெடு. மாதம் ஒரு தடவை, அதே இடத்தில், ஒரு பாட்டில் தண்ணீர் எடு. சில்வர் நைட்ரேட் வைத்துக் குளோரைடு பார்ப்பதை ஆய்வகத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். தண்ணீரில் உப்பு ஏறுவதை அது காட்டும், கடல் பக்கத்து ஊருக்கு அந்த ஒரு எண் முக்கியம். ஆனால் வெயிலில் தண்ணீர் வற்றினாலே உப்பு ஏறும். எனவே குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது, குளம் நிரம்பி மறுகால் பாய்ந்ததா என்பதையும் அன்றன்றே எழுதிவை. ஒரு மாத எண்ணைத் தூக்கிக்கொண்டு 'குளம் கெட்டுப்போச்சு' என்று யாரிடமும் சொல்லிவிடாதே. பன்னிரண்டு மாதம் கையில் இருக்கட்டும்.

பறவைகளுக்குப் பெரிய கேமரா தேவையில்லை, மன்றத்துக்குப் பொதுவாக ஒரு பைனாகுலர் போதும். குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து வரும், மஞ்சள் மூக்கு நாரை நிற்கும். தாமரை படர்ந்த குளத்தில் நீண்டவால் இலைக்கோழியைத் தேடு. மிதக்கும் இலையின்மேல் முட்டையிடும், ஆண்தான் அடைகாக்கும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பொங்கலை ஒட்டி நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கென்றே ஒரு கணக்கெடுப்பு உண்டு. மன்றத்தை இரண்டிலும் சேர்த்துவிடு, போட்டோவும் தானாகக் கிடைக்கும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறாயா? இரண்டு வருடத்தில் காட்ட வேண்டிய 240 மணி நேரத்தில் இந்த வேலையைச் சேர்க்கலாமா என்று திட்ட அலுவலரிடம் கேள்.

உன் ஊர் ஊராட்சியாக இருந்தால் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். பதினெட்டு வயதாகி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீயும் போய் உட்காரலாம். மைக் பிடிக்க வேண்டாம், உன் பன்னிரண்டு மாதக் கணக்கை மனுவோடு இணைத்துக் கொடு.

அம்மாவிடம் சண்டை போடாதே. தனியாகக் குளத்துக்குப் போகாதே, தண்ணீரில் இறங்காதே என்பது அவர்கள் பயத்தில் உள்ள நியாயம், அதை நானும் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு அம்மாவையே கூட்டிக்கொண்டு கரைக்குப் போ. அவர்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் குளத்தில் குளித்தார்களா, எதுவரை தண்ணீர் நின்றது, தாமரை இருந்ததா என்று கேள். அவர்கள் சொல்வதை நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுது.