கூகுளின் நட்பு வட்டங்கள்: கேள்வி பதில்

ஆர்குட்டில் தொடங்கி கூகுள் பிளஸ் மூடிய நாள் வரை கூகுளின் எல்லாச் சமூக வலைத்தளங்களிலும் கணக்கு வைத்திருந்தவன் நான். கேளுங்கள் என்றேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள்.

அண்ணா, ஆர்குட் கூகுளுடையதா? தனி கம்பெனி என்றல்லவா நினைத்திருந்தேன்!

கூகுளுடையதுதான். 2004 ஜனவரியில் வந்தது. வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஊழியர்கள் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்று கூகுளில் ஒரு வழக்கம் இருந்தது. அப்படி ஆர்குட் புயுக்கோக்டன் என்ற துருக்கியப் பொறியாளர் செய்தது, அவர் பெயரிலேயே வந்தது. அமெரிக்காவில் எடுபடவில்லை. பிரேசில்காரர்களும் நாமும்தான் அடித்துப்பிடித்து உள்ளே போனோம். 2008-ல் நிர்வாகத்தையே பிரேசிலுக்கு மாற்றினார்கள். நண்பரைப் புகழ்ந்து டெஸ்டிமோனியல் எழுதிவிட்டு, பதிலுக்கு அவர் நமக்கு எழுதுவாரா என்று காத்திருந்த காலம் அது. சர்வர் படுத்துவிட்டால், "மோசமான சர்வர், உனக்கு டோனட் கிடையாது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். 2014 செப்டம்பர் 30-ல் மூடினார்கள்.

சார், ஆர்குட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேஸ்புக்கிடம் எப்படிக் கோட்டை விட்டார்கள்?

தேடி வந்தவருக்கு வழி சொல்லிச் சட்டென்று அனுப்பி வைப்பதுதான் கூகுளின் தொழில். வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசுவது வேறு தொழில், அது அவர்களுக்குக் கைவரவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. 2003-லேயே பிரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளத்தை 3 கோடி டாலருக்குக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2005-ல், நண்பர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று செல்பேசியில் சொல்லும் டாட்ஜ்பாலை வாங்கிக் கிடப்பில் போட்டார்கள். அதை உருவாக்கிய டென்னிஸ் குரோலி 2007-ல் வெளியேறி, அப்புறம் அதே மாதிரியான போர்ஸ்கொயரைத் தொடங்கினார்.

கூகுள் பஸ் விவகாரம் என்ன? நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

2010 பிப்ரவரியில் ஜிமெயிலுக்குள்ளேயே பஸ் (Buzz) என்ற சமூக வலைத்தளத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். நீங்கள் யாருக்கு அதிகம் மெயில் போடுகிறீர்களோ, அவர்களைத் தானாகவே உங்கள் நண்பர்களாகச் சேர்த்துவிட்டது. நீங்களாக மறைக்காவிட்டால் அந்தப் பட்டியல் ஊருக்கே தெரியும். யோசித்துப் பாருங்கள்: நாம் அதிகம் மெயில் போடுவது யாருக்கு? வீட்டுக்காரருக்கு, வக்கீலுக்கு, வேறு வேலைக்கு விண்ணப்பித்திருந்தால் அந்த நிறுவனத்துக்கு. இவர்களெல்லாம் நண்பர்களா?

வெளியே விடுமுன் தங்கள் ஊழியர்களிடம் மட்டும்தான் சோதித்திருந்தார்கள். அலுவலகத்துக்குள் எல்லோரும் எல்லோருக்கும் மெயில் போடுகிறவர்கள்; யாருக்கும் உறுத்தியிருக்காது. சில நாளிலேயே மன்னிப்புக் கேட்டு மாற்றினார்கள். ஆனாலும் வழக்கில் 85 லட்சம் டாலர் போனது. 20 ஆண்டுகளுக்கு வெளியார் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையமும் கட்டிப்போட்டது.

பிளஸ் நன்றாகத்தானே இருந்தது? எனக்கு அங்கே கிடைத்த நண்பர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எனக்கும்தான். 2011 ஜூனில் வந்தபோது, படத்தைப் பிடித்து இழுத்து 'குடும்பம்', 'நண்பர்கள்' என்று ஆளுக்கொரு வட்டத்தில் போடுவது முதல் நாள் விளையாட்டாக இருந்தது. பத்தாம் நாள் அலுப்பு தட்டியது. கூட வேலை செய்கிறவன் நண்பனுமானால் எந்த வட்டம்? உறவுகளைக் கோப்பு அடுக்குவதுபோல அடுக்கச் சொன்னார்கள்.

உள்ளே பயம் இருந்தது, அதுதான் கெடுத்தது என்பேன். கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி பேஜ் 2011-ல் தலைமைக்கு வந்ததும், சமூக வலைத்தள முயற்சி எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்து ஊழியர்களின் போனஸ் 25 விழுக்காடு வரை கூடும், குறையும் என்றார். அப்புறம் எல்லாவற்றிலும் பிளஸ்தான். 2013 நவம்பரில் யூடியூபில் கருத்துச் சொல்லவே பிளஸ் கணக்கு வேண்டும் என்றார்கள். ஒரு வீடியோவுக்குக் கருத்துச் சொல்ல இது எதற்கு என்று யூடியூபைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீமே சூடாகக் கேட்டார்.

டேட்டா கசிந்ததால்தான் பிளஸை மூடினார்களா?

அது சாக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் முன்பே படுக்கையில் இருந்தார். 5 லட்சம் கணக்குகள் வரை பாதித்திருக்கக்கூடிய பாதுகாப்பு ஓட்டையை 2018 மார்ச்சில் கண்டுபிடித்து, அக்டோபர் வரை வாய் திறக்கவில்லை. அதே அறிவிப்பில், பிளஸுக்கு வருகிற தடவைகளில் 90 விழுக்காடு 5 விநாடிக்குள் முடிந்துவிடுகிறது என்றும் ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில் இன்னொரு ஓட்டை, 5.25 கோடிப் பேர். அதனால் மூடும் தேதியை முன்னுக்கு இழுத்து, 2019 ஏப்ரல் 2-ல் மூடினார்கள்.

என் வலைப்பூவில் பாலோயர்ஸ் எண்ணிக்கை 2016-ல் திடீரென்று குறைந்தது. ஏன்?

ட்விட்டர், யாஹூ கணக்கு மூலம் சேர்ந்தவர்களை அந்த ஜனவரியில் கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாக்கர் நீக்கியது. உங்கள் எழுத்து காரணமில்லை, கவலை வேண்டாம்.

பிளஸில் எழுதியதை இப்போது மீட்க முடியுமா?

முடியாது. நம் தகவல்களை இறக்கிக்கொள்ளக் கூகுள் தரும் டேக்அவுட்டில் அப்போதே இறக்கி வைத்திருந்தால்தான் உண்டு. நான் இறக்கினேன். வட்டங்களும் அதில் வந்தன. 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒரு வட்டம் வைத்திருந்திருக்கிறேன், அதில் 41 பேர்.