ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலும் ஒரு கறுப்புப் பொருக்கும்

கேள்வி: பக்கத்து வீட்டு அண்ணன், 46 வயது, காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் இறந்துபோனார். முதலில் டெங்கு இல்லை, வைரஸ் காய்ச்சல்தான் என்றார்கள். கடைசியில் பெரிய மருத்துவமனையில் ஸ்க்ரப் டைபஸ் என்றார்கள். என் மனைவியும் இரண்டு மாட்டுக்குப் புல் அறுக்க தினமும் அதே ஏரிக்கரைக்குத்தான் போகிறாள். இரண்டு மாதத்துக்கு முன்பு அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்துச் சரியானது. இப்போது முடி கொட்டுகிறது, கை காலில் அரிப்பு இருக்கிறது. வீட்டு நாய்க்கு உண்ணி இருக்கிறது, இரண்டு வயதுக் குழந்தை அதோடுதான் விளையாடுகிறது. நாயை எங்காவது விட்டுவிடலாமா? எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா? இந்தக் காய்ச்சல் மூளையைத் தாக்கும் என்று இணையத்தில் படித்தேன். டாக்ஸிசைக்ளின் மாத்திரை நான்கு அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். முன்னெச்சரிக்கையாக எல்லோரும் போட்டுக்கொள்ளலாமா?
- ஒரு வாசகர், ராணிப்பேட்டை மாவட்டம்

பதில்:

உங்கள் மனைவிக்கு ஸ்க்ரப் டைபஸ் இல்லை. கிருமி உடம்புக்குள் போனால் ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்துவிடும், அது மூன்று நாளில் அடங்குவதும் அபூர்வம். இரண்டு மாதத்துக்கு முன் வந்து போன காய்ச்சல் எதுவாக இருந்தாலும் அது முடிந்துபோன கதை. காய்ச்சல் கண்டு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது சகஜம். தானாக நிற்கும், தைலம் எதுவும் வாங்க வேண்டாம். அரிப்பு, புல்லில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் சாதாரண அரிப்பு. நான் பயப்படுகிற புண் அரிக்கவே அரிக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாய் வீட்டிலேயே இருக்கட்டும். அதன் உடம்பில் நீங்கள் பார்க்கிற உண்ணி இந்த நோயைப் பரப்புவதில்லை. குழந்தைக்காக உண்ணியை எடுத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், கால்நடை மருத்துவரிடம் மருந்து கேளுங்கள், அது போதும். மாட்டிடமிருந்தும் இது வராது. மனிதரிடமிருந்து மனிதருக்கும் ஒட்டாது. அண்ணன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போக யாராவது தயங்கினால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

சரி, உங்களை உறங்கவிடாமல் செய்வது நாயும் முடியும் இல்லை. திடமாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு மனிதரை வெறும் காய்ச்சல் ஒன்பதே நாளில் கொண்டுபோய்விட்டது. நாளைக்கு மனைவிக்குக் காய்ச்சல் அடித்தால் அதையும் யாரும் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

இந்தக் கிருமியின் பெயர் ஓரியன்சியா சுட்சுகாமுஷி. புதரோரத்து மண்ணில் வாழும் ஒருவகைச் சிலந்திப்பேனின் உடம்பில் அது குடியிருக்கிறது. தாய்ப்பேனிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகிறது. வளர்ந்த பேன் மனிதரைக் கடிப்பதில்லை. அதன் குஞ்சுதான் கடிக்கும், அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அது உடம்புச் சாற்றை உண்ணும். வழக்கமாக எலி, பெருச்சாளியின் மேல் ஏறும். அந்த நேரம் பார்த்து உங்கள் மனைவி புல்லில் உட்கார்ந்தால் அவர் மேல் ஏறும். கால் மில்லிமீட்டர்கூட இருக்காது என்பதால் கண்ணில் படாது. கடித்ததும் தெரியாது. மழைக்குப் பிறகு வரப்பிலும் ஏரிக்கரையிலும் புல் அடர்ந்து நிற்கும் மாதங்களில், அதாவது நம் பக்கத்தில் ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை, இந்தக் காய்ச்சல் கூடுவதற்குக் காரணம் இதுதான்.

உள்ளே போன கிருமி ரத்தக்குழாய்களின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்குள் புகுந்துகொள்கிறது. முதல் ஐந்து நாள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, கொஞ்சம் இருமல், வாந்தி. எந்த வைரஸ் காய்ச்சலுக்கும் இதே அடையாளங்கள்தான். பிளேட்லெட்டும் குறையும், அதனால் எல்லோருக்கும் முதலில் டெங்கு நினைப்புதான் வரும். டெங்கு இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள், பப்பாளி இலைச்சாறு பிழிந்து கொடுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஒரு வாரம் தாண்டும்போது ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும். நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு வாங்கும், சிறுநீர் குறையும், சிலருக்கு நினைவு தடுமாறும்.

அண்ணனுக்கு முதல் வாரம் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் அவர் விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பொதுவாக நான் பார்ப்பது இதுதான்: மருந்துக்கடையில் "காய்ச்சலுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் என்று வாங்கி நான்கு நாளைக் கழித்துவிட்டு வருகிறார்கள். செல்லுக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் கிருமியை அவை தொடவே தொடாது. செஃப்ட்ரையாக்ஸோன் ஊசியும் அப்படித்தான். டாக்ஸிசைக்ளின் வேலை செய்யும், அஸித்ரோமைசின் வேலை செய்யும். சரியான நேரத்தில் சரியான மருந்து போனால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். காய்ச்சல் வார்டில் இவ்வளவு வேகமாகப் பலன் தெரியும் சிகிச்சைகள் குறைவு. மருந்தே இல்லாமல் விட்டால்கூட நூற்றுக்குச் சுமார் 6 பேர் இறக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. மருந்து கொடுத்தால் அது நூற்றுக்கு ஒன்றிரண்டாகக் குறைகிறது. நம் வார்டுகளில் உயிர் போகிறவர்களில் பெரும்பாலோர் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள்.

இப்போது அந்தப் புண்ணைப் பற்றிச் சொல்கிறேன். மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவில் இருக்கட்டும். பேன் கடித்த இடத்தில் முதலில் சின்னச் சிவப்புக் கொப்புளம் வரும், அது உடைந்து நடுவில் கறுப்புப் பொருக்குக் கட்டும், சுற்றிலும் சிவந்த வளையம் இருக்கும். சிகரெட்டால் சுட்ட மாதிரி இருக்கும். வலிக்காது, அரிக்காது. காய்ச்சலோடு இந்தப் பொருக்கும் இருந்தால் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக்கூட நான் காத்திருக்க மாட்டேன், அப்போதே மருந்தைத் தொடங்கிவிடுவேன்.

பொருக்கு இருக்கும் இடம்தான் சிக்கல். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், மார்புக்குக் கீழே, முழங்காலுக்குப் பின்னால், பிறப்புறுப்பு, பிட்டம், தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால். வலி இல்லாததால் நோயாளிக்கே தெரியாது. கறுத்த தோலில் பளிச்சென்று தெரியாது. வியர்வை தங்கும் மடிப்புகளில் கறுப்புப் பொருக்கு உதிர்ந்துபோய், வெளிறிய சின்னப் புண்ணாக மட்டும் இருக்கும். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் ஐந்து நிமிடத்தில் யாரும் புடவையை விலக்கிப் பார்ப்பதில்லை, நம் பெண்களும் கூச்சத்தில் காட்டுவதில்லை. நோயாளி எத்தனையோ நாள் மருத்துவர் கண்முன்னே இருந்தும் நோய் பிடிபடாமல் போவது இதனால்தான். ஆகவே காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே, நல்ல வெளிச்சத்தில், நீங்களோ அவர் அம்மாவோ அக்காவோ உச்சி முதல் பாதம் வரை பாருங்கள். எங்காவது நெறி கட்டியிருந்தால் அதற்குப் பக்கத்தில் உள்ள மடிப்பை இன்னும் கவனமாகத் தேடுங்கள். பொருக்கு எல்லோருக்கும் வராது. அது இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இது ஏதோ காட்டுப் பகுதி நோய் என்று மருத்துவர்களே நெடுங்காலம் நினைத்திருந்தோம். அண்மையில் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். காய்ச்சல் கண்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஸ்க்ரப் டைபஸ். பத்தில் ஒன்று! ஆனால் "வைரஸ் ஃபீவர்" என்று எழுதும் சீட்டில் இந்தப் பெயர் எத்தனை தடவை இடம்பெறுகிறது? உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் இதைவிடக் கொடுமை நடந்தது. ஒவ்வொரு மழைக்காலமும் அங்கே குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள். 2005-ன் பெரும் தாக்குதலுக்குப் பிறகு ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டார்கள், ஆனாலும் சாவு நிற்கவில்லை. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் குழு போய் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் ஸ்க்ரப் டைபஸின் தடயம் இருந்தது. மருந்து கையில் இருந்த ஒரு நோய்க்கு, பெயர் தெரியாத காரணத்தால் பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறோம். அதன்பிறகுதான், காய்ச்சலோடு வரும் பிள்ளைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்தைத் தொடங்கும் அறிவுரை அங்கே போனது. நீங்கள் இணையத்தில் படித்த "மூளையைத் தாக்கும்" என்ற வரி பொய் இல்லை. அது இரண்டாம் வாரத்தில், மருந்து கிடைக்காதவர்களுக்கு நடக்கிற விஷயம். அந்த விவரத்தை விட்டுவிட்டு வரியை மட்டும் பரப்புகிறார்கள், நீங்களும் இரவெல்லாம் படித்துப் பயந்துபோகிறீர்கள்.

முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கும் இப்போது வழி கொஞ்சம் தெளிவாகியிருக்கிறது. வேலூர் சிஎம்சி முன்நின்று நாட்டின் 7 மையங்களில் சுமார் 800 தீவிர நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. டாக்ஸிசைக்ளின் மட்டும், அஸித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று விதமாக நரம்பு வழியே கொடுத்துப் பார்த்தார்கள். மரணம், ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல், இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் தனித்தனி மருந்தில் நூற்றுக்கு 47, 48 பேர். இரண்டும் சேர்த்துக் கொடுத்தபோது 33 பேர். மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முற்றியபின் எந்த மருந்தும் முதல் வாரத்து மாத்திரைக்கு ஈடாகாது என்றுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் அந்த நான்கு அட்டை. தயவுசெய்து யாரும் போட வேண்டாம். நோய் உள்ள இடத்துக்குச் சில வாரம் மட்டும் போகிறவர்கள் வாரம் ஒரு முறை இதைப் போட்டால் தடுக்கலாம் என்று தைவானில் படைவீரர்களிடமும் மலேசியாவில் தன்னார்வலர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். நீங்கள் அந்த ஊரிலேயே வாழ்கிறவர்கள். எத்தனை வருடம் போடுவீர்கள்? தண்ணீர் போதாமல் விழுங்கிவிட்டுப் படுத்தால் இந்த மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு இதைத் தவிர்த்து அஸித்ரோமைசின் கொடுப்போம். இரண்டு வயதுக் குழந்தைக்கு எது, எவ்வளவு என்பதை எடை பார்த்து மருத்துவர் தீர்மானிக்க வேண்டும், மருந்துக்கடைக்காரர் இல்லை. அரைகுறையாக இரண்டு மாத்திரை போட்டு நிறுத்தினால் காய்ச்சல் பாதி அடங்கி, எங்களையும் குழப்பிவிடும்.

குடும்பத்துக்கே ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். எப்போதோ வந்து தெரியாமலே போன தொற்றுக்குக்கூட ஐஜிஎம், அதாவது கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள், எலிசா என்ற ரத்தப் பரிசோதனையில் பல மாதங்கள் பாசிட்டிவாகவே காட்டும். காய்ச்சல் இல்லாதவருக்கு அந்த ரிப்போர்ட்டால் பயம் மட்டும்தான் மிச்சம். காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளே எடுத்தாலோ, நோய் இருந்தும் நெகட்டிவ் என்று வரலாம். ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலில்தான் இந்த எலிசா பரிசோதனைக்கு அர்த்தம்.

மனைவி புல் அறுப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், மாடு பட்டினி கிடக்க முடியாது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளட்டும், வரப்பில் வெறும் புல்லில் உட்காரவோ படுக்கவோ வேண்டாம். துவைத்த துணியைப் புதர் மேல் உலர்த்த வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உடனே சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு, போட்டிருந்த துணியை மாற்றிவிட வேண்டும். பேன் தோலில் ஏறியதும் கிருமி இறங்கிவிடாது, அதற்குச் சில மணி நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அந்தக் குளியல் உண்மையிலேயே பயன் தரும். அதே உடையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலும் தண்ணீரும் போதும், இரண்டு நாள் பாருங்கள். மூன்றாம் நாளும் விடவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பொருக்கைக் கண்டால் முதல் நாளே போங்கள். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ நேராகப் பெரிய மருத்துவமனைக்கு, அது இரவு இரண்டு மணி என்றாலும் சரி. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "இவங்க ஏரிக்கரையில புல் அறுக்கிறவங்க, பக்கத்து வீட்டில ஸ்க்ரப் டைபஸில ஒருத்தர் இறந்திருக்கார்." அந்த ஒரு வாக்கியம் கேட்டால் அவர் யோசிக்கும் திசையே மாறும்.

அண்ணன் வீட்டில் அவர் மனைவியோ பிள்ளைகளோ அதே கரையில் வேலை செய்கிறார்களா? கிருமியுள்ள பேன் ஒரே இடத்தில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அவர் கடிபட்ட இடம் இவர்கள் நடமாடும் இடமாகவும் இருக்கலாம். இதையெல்லாம் அவர்களிடமும் இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் அடித்தால் மூன்றாம் நாள் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே அழைத்துப்போங்கள்.