ஓர் டிராகன் போதுமா?

கேள்வி: மாய உலகக் கதை ஒன்று எழுதுகிறேன். காட்டில் ஓர் டிராகன் இருந்தால் அங்குள்ள மற்ற உயிர்கள் என்ன ஆகும்?

பதில்: முதலில் அந்த ‘ஓர்’. உயிரெழுத்துக்கு முன்னால்தான் ஓர் வரும். ஒரு டிராகன், ஓர் ஆளி (கோயில் தூணில் நிற்கும் யாளிதான்). இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேனோ! எங்கள் பிழைதிருத்துநரே எதிர்க்கட்சி. ‘ஓர் என்றால் ஒரு கம்பீரம் சார்’ என்கிறார். ‘ஓர் கம்பீரம்’ என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை, கவனித்தீர்களா?

சரி, இலக்கணம் கிடக்கட்டும். கணக்கிலும் அந்த ‘ஓர்’ இடிக்கிறது. ஒன்றே ஒன்று என்றால் அதற்கு ஜோடி ஏது, குஞ்சு ஏது? ஆயிரம் வருடமாகக் குகையில் தங்கத்தின் மேல் படுத்திருக்கிறதாம். தின்பது எதை? கார்போன், கிட்டில்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-ல் ஒரு கணக்கு சொன்னார்கள்: காட்டில் 10,000 கிலோ இரை நடமாடினால் சுமார் 90 கிலோ ஊனுண்ணி பிழைக்கும். உங்கள் டிராகன் யானை கனம், 4,500 கிலோ என்று வையுங்கள். 50 கிலோ மான்கள் பத்தாயிரம் வேண்டும். இனம் தழைக்க ஐம்பது டிராகனாவது இருந்தால் ஐந்து லட்சம் மான். கதாநாயகன் நடக்க இடம் இருக்காது.

கொமோடோ பல்லி மாதிரி குளிர்ரத்தப் பிராணி என்றால் செலவு குறைவு. அது வருடத்துக்குப் பன்னிரண்டு வேளை தின்றே காலம் தள்ளிவிடும். ஆனால் உங்களுடையது பறக்கிறது, நெருப்பு வேறு கக்குகிறது. சும்மா வருமா?

மானும் சும்மா இருக்காது. வானத்தைப் பார்த்துப் பயந்து பகலெல்லாம் புதரில் பதுங்கும். மேய ஆளில்லாமல் புல் ஆளுயரம் வளர்ந்து காயும். டிராகன் ஒரு தும்மல் போட்டால் போதும். எரிந்த இடத்தில் தளிர் வரும், தளிருக்கு மான் வரும். ஆக, உங்கள் அசுரன் ஒரு விவசாயி! இதை எழுதுங்கள், வாளையும் இளவரசியையும் விட்டுத்தள்ளுங்கள்.

நம் ஆளி இன்னும் மோசம். சங்கப் பாடலில் அது யானையின் தந்தத்தைப் பிடுங்கிக் குருத்தை மட்டும் தின்கிறது. மிச்சம் மூன்று டன் யாருக்கு? கழுகுக்கும் நரிக்கும் தினம் கல்யாண விருந்து. யானைக்கோ வயிற்றில் ஒரு கன்று வளரவே 22 மாதம். பத்து ஆளி இருந்தால் காட்டில் யானை மிஞ்சாது.

ஆனாலும் ஆளியையே எழுதுங்கள். அந்த ‘ஓர்’ சரியாகிவிடும்.