ஜீவனாம்ச வழக்கில் கணக்குக் காட்டுவது: கேள்வி பதில்

ஜீவனாம்ச வழக்கு என்று வந்துவிட்டால் கணவன், மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதற்கும் விதித்தது. அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: மேடம், வேலை போய்விட்டது, வருமானமே இல்லை என்று என் கணவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பொய் என்று எனக்குத் தெரியும். எப்படிக் காட்டுவது?

பதில்: அவர் தாக்கல் செய்த வங்கி ஸ்டேட்மென்ட்டை நிதானமாகப் படியுங்கள். எல்லோரும் வரவைத்தான் தேடுவார்கள்; நீங்கள் பற்றை, அதாவது வெளியே போன பணத்தைப் பாருங்கள். மார்ச்சில் வேலை போனதாகச் சொல்பவரின் கணக்கிலிருந்து ஜூன் 5ஆம் தேதியும் இன்சூரன்ஸ் பிரீமியம் போயிருக்கும். பத்திரத்தில் அப்படி ஒரு பாலிசியே இருக்காது. அதற்கு முந்தைய பதிவைப் பார்த்தால், அதற்கு முதல் நாள் வேறொரு வங்கியிலிருந்து அவர் பெயரிலேயே பணம் வந்திருக்கும். காட்டாத கணக்கு அதுதான்.

அப்புறம் வக்கீலிடம் சொல்லி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 11 வழியாக அவருக்கு எழுத்துக் கேள்விகள் அனுப்பவும், ஆவணங்களைக் கொண்டுவரச் செய்யவும் நீதிமன்ற அனுமதி கேளுங்கள். அதே தீர்ப்பு இதற்கு இடம் தருகிறது. தெரிந்தே பொய் சொன்னது உறுதியானால் பொய்ச் சாட்சிய நடவடிக்கையும் கேட்கலாம்.

கேள்வி: ஆர்.டி.ஐ. போட்டு அவருடைய வருமான வரிக் கணக்கை வாங்க முடியாதா?

பதில்: பெரும்பாலும் ‘தனிப்பட்ட தகவல்’ என்று பதில் வரும். நீதிமன்றம் வழியாகக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். சொன்னால் ஜீவனாம்சம் போய்விடும் என்கிறார்களே?

பதில்: யார் சொன்னது? மனைவி சம்பாதிக்கிறார் என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது. புகுந்த வீட்டில் வாழ்ந்த அளவுக்கு வாழ அந்த வருமானம் போதுமா என்று பார்ப்பார்கள். சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் ஜிபே வரவுகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினால், நீங்கள் சொன்ன உண்மைகளையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள்.

கேள்வி: அம்மா பெயரில் இருக்கும் மனையையும் நான் காட்ட வேண்டுமா, மேடம்?

பதில்: அம்மா தன் பணத்தில் வாங்கியது என்றால் அது அவர் சொத்து. ஆனால் விற்றவருக்குப் பணம் உங்கள் கணக்கிலிருந்து போயிருந்தால், தம்பி, அந்தக் கேள்வி வராமல் இருக்காது. நோட்டீஸ் கைக்கு வந்த மறுவாரம் உங்கள் வீட்டை அம்மாவுக்கு செட்டில்மென்ட் எழுதி வைப்பது அதைவிட மோசம். எதிர்த்தரப்பு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தால் தேதியோடு வந்து நிற்கும்.

கேள்வி: பத்திரம் தாக்கல் செய்யாமல் வாய்தா மேல் வாய்தா வாங்குகிறார்.

பதில்: பதிலுரையோடு பத்திரத்தையும் அதிகபட்சம் நான்கு வாரத்தில் தர வேண்டும், அவகாசம் இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பு. வேண்டுமென்றே இழுத்தால் அவருடைய எதிர்வாதத்தை நீக்கச் சொல்லி மனுப் போடலாம். ஜீவனாம்சம் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்காகும். அவர் இழுக்க இழுக்க அவர் தலையில்தான் பாக்கி ஏறும்.

கேள்வி: எங்களுக்கு விவசாய வருமானம் மட்டும்தான். அதே படிவமா?

பதில்: இல்லை, விவசாயக் குடும்பங்களுக்குத் தனிப் படிவம் உண்டு.

கேள்வி: வழக்கு நடக்கும்போதே எனக்குப் புது வேலை கிடைத்துவிட்டது. முதலில் கொடுத்த பத்திரம் போதுமா?

பதில்: போதாது. திருத்திய பத்திரம் ஒன்று உடனே தாக்கல் செய்யுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் சம்பளச் சீட்டைக் கேட்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டாம்.