ஒன்பது மாதங்களாக மேசையில் கிடக்கும் கட்டுரை

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு நெறியாளர். ஒரு கட்டுரையை அனுப்புவதற்கு மூன்று ஆய்விதழ்களைத் தெரிவு செய்திருக்கிறேன். மேற்கோள்களை வைத்து இதழ்களுக்கு மதிப்பெண் தரும் தாக்கக் காரணி என்ற அளவுகோலில் முதலில் நிற்கும் இதழ், எஸ்ஜேஆர் என்ற மற்றோர் அளவுகோலின் பட்டியலில் மூன்றாமிடத்துக்குப் போய்விடுகிறது. சைட்ஸ்கோர் என்ற மூன்றாவது அளவுகோலில் இன்னொன்று முந்துகிறது. மாணவி வரைவைத் தந்து ஒன்பது மாதங்கள் ஆகியும் என்னால் முடிவெடுக்க இயலவில்லை. எந்தத் தரவரிசையை நம்புவது?

பதில்: தரவரிசையைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதிய நீங்கள், ஒன்பது மாதங்களை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு உறுத்துவது அந்த வரிதான்.

அந்தப் பட்டியல்கள் ஒருநாளும் ஒத்துப்போகப் போவதில்லை, ஏனெனில் அவை அளப்பது ஒன்றையே அல்ல. தாக்கக் காரணி, முந்தைய 2 ஆண்டுகளில் ஓர் இதழ் வெளியிட்டவற்றுக்கு இவ்வாண்டு கிடைத்த மேற்கோள்களை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறது. சைட்ஸ்கோர் 4 ஆண்டுகளைக் கணக்கில் கொள்கிறது. எஸ்ஜேஆரோ, மேற்கோள் காட்டிய இதழின் மதிப்பைப் பார்த்து எடை போடுகிறது. போதாக்குறைக்கு, இவை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால், காத்திருக்கக் காத்திருக்க உங்கள் குழப்பமும் புதுப்பிக்கப்படும்.

இதழின் மதிப்பெண் கட்டுரையின் தரத்தைச் சொல்லும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்னும் இதழின் தாக்கக் காரணி, ஏறத்தாழ 2 என்ற அளவிலிருந்து 2009இல் 49ஐத் தாண்டியது. 2008இல் வெளியான ஒரே ஒரு கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டதுதான் காரணம். உடன் வெளியான மற்றக் கட்டுரைகள் இருந்தபடியேதான் இருந்தன. இதழ்களின் மதிப்பெண்ணை வைத்துத் தனி ஆய்வாளரையோ கட்டுரையையோ எடைபோடக் கூடாது என்று, ஆய்வு மதிப்பீடு குறித்த சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013இலேயே சொல்லிவிட்டது. (நெறியாளர்கள் பலர் அதை மேடையில் பாராட்டுவார்கள், அறைக்குத் திரும்பியதும் பட்டியலைத் திறப்பார்கள்.)

ஒருவரை ஆய்வு மாணவியாக ஏற்பதென்பது, பெற்றவர்கள் சுமந்த பொறுப்பில் ஒரு பங்கை ஏற்பது என்றே நான் கருதுகிறேன். அவருடைய பட்டம் தள்ளிப்போனால், வேலையும், வீட்டுக்குத் தோள்கொடுக்கும் நாளும் சேர்ந்தே தள்ளிப்போகின்றன. பெருமைக்குரிய இதழில் பெயர் வரவேண்டும் என்ற ஆசை உங்களுடையது. காத்திருப்பு மட்டும் அவருடையதா?

வரைவின் இறுதியிலுள்ள மேற்கோள் பட்டியலை எடுத்து, அந்த மூன்று இதழ்களில் எது அதிகமுறை வருகிறதென்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வாசகர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். மாணவியையும் கலந்துகொண்டு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். ஆசிரியர் வரிசையில் யார் பெயர் முதலில் என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. வரைவை எழுதியவர் அவரென்றால், அதில் யோசிப்பதற்கு எதுவுமில்லை.