வேலி இல்லாத வீட்டில் புது நாய்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய தோட்டத்து வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். முன்னால் ரோடு, பின்னால் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம். வேலி கிடையாது. ஊர் மாறிப் போகிறவர் ஒருவர் தம் இரண்டு வயது ஆண் நாயை எங்களுக்குத் தருகிறார். கம்பி இழுத்துக் கட்டி அதில் ஓட விடலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். சரிப்படுமா? எப்படிக் கட்டுவது?

பதில்: சரிப்படும், வீட்டில் ஆள் இருக்கும் நேரத்துக்கு மட்டும். கட்டிப் போட்ட நாயால் தப்பி ஓட முடியாது. தெருநாய்கள் கூட்டமாக வந்தாலும், செம்பனைப் பக்கமிருந்து மலைப்பாம்பு வந்தாலும் அது அகப்பட்டதுதான். ராத்திரியில் வீட்டுக்குள்ளேயோ, பூட்டிய அஞ்சடியிலோ (வராந்தாவிலோ) படுக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் கம்பியே வேண்டாம். புது நாய் பழைய வீட்டைத் தேடும். கதவு ஒரு சாண் திறந்தாலும் ஓடிவிடும். அதனால் மூத்திரத்துக்குக்கூடக் கையில் பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். காலையும் மாலையும் 8 மீட்டர் கயிற்றோடு உங்கள் இடத்தின் எல்லையை ஒட்டி நடத்துங்கள். எல்லைக்கு வந்ததும் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பினால் ஒரு துண்டு கோழி கொடுங்கள். நாய் எல்லையைக் கற்றுக்கொள்ளும். ஆனால் குரங்கையோ, பருவத்துக்கு வந்த பெண் நாயையோ கண்டால் கற்றது அத்தனையும் பறந்துவிடும். பயிற்சியை மட்டும் நம்பி அவிழ்த்துவிடாதீர்கள். அதற்குள் கருத்தடை செய்துவிட்டால் ஆண் நாயின் அலைச்சல் பெரும்பாலும் குறையும்.

இனி கம்பி. நல்ல வைரம் பாய்ந்த மரமோ, சிமெண்டில் ஊன்றிய இரும்புத் தூணோ இரண்டு வேண்டும், இடையில் 15 மீட்டர். துணி காயப்போடும் கயிறு ஆகாது. ஹார்ட்வேர் கடையில் 4 மில்லிமீட்டர் வயர் ரோப் கேளுங்கள். நடுவில் தொய்ந்தாலும் தரையிலிருந்து 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் கழுத்தில் பட்டுவிடும். மரத்தைச் சுற்றும் இடத்தில் பழைய ரப்பர் குழாயை உறையாகப் போடுங்கள். ஒரு முனையில் டர்ன்பக்கிள் (இழுப்பைக் கூட்டும் திருகு) இருந்தால் தொய்வை முறுக்கி இழுக்கலாம்.

பலரும் தவறுவது, கம்பியின் முனையை மடித்து இறுக்கும் கிளிப்பில்தான். ஒவ்வொரு முனைக்கும் மூன்று கிளிப். கிளிப்பின் யூ வளைவு, மடித்துவிட்ட குட்டை முனையின் மேல் உட்கார வேண்டும். பள்ளம் வெட்டிய அடிக்கட்டை, சுமை தாங்கும் நீளக் கம்பியின் மேல் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வளைவு நீளக் கம்பியின் இழைகளை நசுக்கும், ஒரு வேகமான இழுப்பில் அறுந்துவிடும். ஒரு வாரம் கழித்து நட்டுகளை மறுபடியும் இறுக்குங்கள்.

கம்பியில் ஓட ஒரு கப்பி. அதிலிருந்து தொங்க, பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய வயர். சாதாரணக் கயிற்றை நாய் கடித்து அறுக்கும். மேலேயும் கீழேயும் சுழலும் கொக்கி இல்லையென்றால் முறுக்கிக்கொள்ளும். கொக்கிகளோடு சேர்த்து 2.5 மீட்டர் நீளம் வையுங்கள். நாய் படுக்கவும் முடியும், இரு பக்கமும் சுமார் 2 மீட்டர் நகரவும் முடியும். அதனால்தான் இரண்டு மரத்திலிருந்தும் 2.5 மீட்டர் தள்ளிக் கம்பியில் ஒரு கிளிப்பைத் தடையாக முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாய் மரத்தைச் சுற்றி மாட்டிக்கொள்ளும். கழுத்துப் பட்டையில் கொக்கியை மாட்டவே கூடாது. ஓடி வந்து தடையில் நிற்கும்போது முழு வேகமும் தொண்டையில் இறங்கும். மார்பைச் சுற்றும் ஹார்னஸ்தான் போட வேண்டும்.

எட்டும் தூரத்துக்குள் படிக்கட்டு, குட்டைச் சுவர், ஆழமான கால்வாய் எதுவும் இருக்கக் கூடாது. அதைத் தாண்டிக் குதித்த நாய் அந்தரத்தில் தொங்கிச் செத்துப்போகும். காலையில் நிழலாக இருந்த இடம் இரண்டு மணிக்கு வெயிலில் கிடக்கும், அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். தூரத்தில் இடி கேட்டதுமே அவிழ்த்து உள்ளே கொண்டுபோங்கள். மரத்துக்கு மரம் கட்டிய நீளமான இரும்புக் கம்பி மின்னலுக்கு வழி.

கேள்வி: வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவோம். வளாகம் முழுக்க வேலி போட வசதியில்லை.

பதில்: முழுக்க வேண்டாம். 24 அடிக்கு 16 அடியில் ஓர் அடைப்பு போதும். நம் ஊரில் கிடைக்கும் பி.ஆர்.சி. வேலி (பற்றவைத்த இரும்புக் கம்பி வேலி) பெரும்பாலும் 8 அடி அகலப் பலகைகளாக வரும். பத்துப் பலகை அளவு, அதில் ஒன்றின் இடத்தில் கதவு. உயரம் 5 அடிக்குக் குறையாமல் வாங்குங்கள். தூண்களை 2 அடி ஆழத்தில் சிமெண்ட் போட்டு ஊன்றி, மூன்று நாளாவது இறுக விடுங்கள்.

பி.ஆர்.சி.யின் பலவீனம் அடிப்பக்கம். மழை மண்ணை அரித்துக்கொண்டே போகும். நாய் தோண்டத் தொடங்குவதும் அங்கேதான். 2 அடி அகலக் கம்பி வலையை உள்பக்கம் தரையோடு படுக்க வைத்து, வேலியின் அடிக்கம்பியோடு கட்டி, மேலே கல் பரப்புங்கள். வேலி ஓரத்தில் தோண்டுகிற நாய் வலையின் மேல்தான் நின்றுகொண்டிருக்கும். அடைப்புக்குள் நாய் படுக்கும் கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், கூரைத் தகரத்துக்கும் கூண்டுக்கும் நடுவே காற்று போகட்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மண்ணில் வயர் புதைத்து, எல்லை தாண்டினால் பட்டையில் ஷாக் அடிக்கும் கருவி விற்கிறார்களே?

பதில்: நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அது உங்கள் நாயைத்தான் தடுக்கும்; உள்ளே வரும் தெருநாயைத் தடுக்காது. வெறியோடு துரத்தும் நாய் ஷாக்கைப் பொறுத்துக்கொண்டு தாண்டிவிடும். திரும்பி வரும்போது துரத்தும் வேகம் இருக்காது, ஷாக் மட்டும் இருக்கும். அதனால் வெளியிலேயே நின்றுவிடும். ரோட்டில் போகும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் வலித்தால், பிள்ளையால்தான் வலிக்கிறது என்று நினைத்துக் கடிக்கத் தொடங்கும் நாய்களும் உண்டு. கரண்ட் போனாலோ, மின்னலில் கருவி எரிந்தாலோ எல்லையே இல்லை.

கேள்வி: அப்படியும் ஒருநாள் ஓடிவிட்டால்?

பதில்: பட்டையில் போன் நம்பர், நகராண்மைக் கழக லைசென்ஸ் வில்லை இரண்டும் எப்போதும் இருக்கட்டும். மலாய்க்கார அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர்கள் வாசலில் நாய் நுழைவது அவர்களுக்கு உண்மையான சங்கடம், உடனே போன் செய்வார்கள்.

செம்பனைக்குள் போய்வந்த நாயை ஒரு வாரம் கவனியுங்கள். எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டிகளில் பல, இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. பொதுவாக மூன்று முதல் ஐந்து நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், மலத்தில் இரத்தம் வரும். அதுவரை காத்திருக்காமல், தின்றது தெரிந்த உடனே மிச்சக் கட்டியோடும் உறையோடும் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். விஷமுறிவு மருந்து வைட்டமின் கே1. சில வகை விஷத்துக்கு அதை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். நாய் தெளிந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தினால் மறுபடியும் உள்ளே இரத்தம் கசியும்.